வீட்டுக்குள்ளே வைஃபை விட்டு விட்டு வருவது ஏன்?
(செய்து பார்த்து எழுதிய அறிவியல் கட்டுரை)



முன்னுரை

இன்றைய உலகம் இணைய உலகம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த உலகம் பட்டாசாலை வரைக்கும்தான் வந்தது. அடுப்படியைத் தாண்டி ஆச்சி அறைக்கு வரவில்லை. அதை எப்படி வர வைத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் மூன்று தடவை தப்பாகச் செய்து நாலாவது தடவைதான் சரியாகச் செய்தேன். தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம்.

"எங்க வீட்டுல வைஃபையே கிடையாது, இது எனக்கு எதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பக்கத்து அறையில் படிக்கிறோமே, அதுவும் இதே அலைதான், இதே கணக்குதான்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் வீடு ராஜபாளையத்தில் ஒரு பழைய காரை வீடு. அகலம் 16 அடி, நீளம் 70 அடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக அறைகள். முன் அறை, பட்டாசாலை, பீரோ அறை, அடுப்படி, கடைசியில் ஆச்சி அறை. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம்.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் இரவு 7.30 மணிக்கு வீடியோ காலில் வருவார். அங்கே அப்போது 10 மணி. ஆச்சி முன்பெல்லாம் முன் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசும். போன மார்கழியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். போனை ஆச்சியிடம் கொண்டு போனால் அப்பா முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். "ஏய்யா, சாப்டியா?" என்று ஆச்சி கேட்டால் பதில் வராது. ஆச்சி, தனக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்து, "எனக்குக் காதும் போயிட்டு போல" என்று சொல்லியது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இணைப்பு கொடுத்தவர்களிடம் அம்மா கேட்டதற்கு, "மாசம் கூடக் கட்டுங்க, ஸ்பீடு ஏத்தித் தர்றோம்" என்றார்கள். அம்மா கட்டலாமா என்று யோசித்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தை மகள் மதினிக்குப் போன் செய்தேன். மதினி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறது.

மதினி சொன்னது: "ரூபாய் கட்டாதீங்க. தெருக்குழாயில தண்ணி நல்லா வருதுன்னா, தோட்டத்துக்குப் போற டியூபுலதான் ஓட்டை. நீ முதல்ல அளந்து பாரு."

முதல் பாடம்: அலை என்றால் என்ன?

வைஃபை என்பது ரேடியோ அலை. வெளிச்சமும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம். நம் கண்ணுக்கு ஒன்று தெரியும், மற்றது தெரியாது, அவ்வளவுதான். 1895 ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அவர்கள் இப்படிப்பட்ட அலையைச் சுவரைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்துக் காட்டினார். அந்த மணி அடித்து நூறு வருஷத்துக்குப் பிறகு, 1997 ல் தான் வைஃபைக்கான விதிமுறை எழுதப்பட்டது. வைஃபை என்ற பெயர் 1999 ல் வந்தது. நம் நாட்டில் 2005 ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்குப் பயன்படுத்த அரசு அனுமதி கொடுத்தது.

ஒலி பாடத்தில் படித்த சூத்திரம் இங்கேயும் உதவும்.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம்

ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 240 கோடி அதிர்வு. 30 ஐ 240 ஆல் வகுத்தால் 0.125 மீட்டர். அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். நம் அடிஸ்கேலை விடக் குட்டையான அலை! புது ரவுட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் உண்டு. அது வேகம் கூடியது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 ஐ விட மட்டம்.

அலைக்கு எதிரிகள் மூன்று பேர்.

1. இரும்பு. அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். (எங்கள் வீட்டில் பீரோ.)
2. தண்ணீர். அலையை உறிஞ்சிவிடும். (தண்ணீர் டிரம், மீன் தொட்டி.)
3. கனமான சுவர். ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

இரண்டாம் பாடம்: அளந்து பார்த்தல்

சிக்னலை அளக்க செல்போனிலேயே இலவச ஆப் இருக்கிறது. அது டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, தள்ளிப் போகப் போக மோசம். நான் அளந்தது:

முன் அறை: −42
பட்டாசாலை: −58
அடுப்படி: −72
ஆச்சி அறை: −82

42 க்கும் 82 க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். இது சாதாரணக் கழித்தல் இல்லையாம். 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். இங்கே 40 குறைந்திருக்கிறது. 10 × 10 × 10 × 10 = 10,000. ஆச்சி அறைக்கு வருவது முன் அறையில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

சிக்னல் குறைந்தால் படம் ஏன் நிற்கிறது? ரவுட்டர் செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் போன் "கிடைச்சது" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அதே துண்டைத் திரும்ப அனுப்பும். அப்படியும் வராவிட்டால் மெதுவாகப் பேச ஆரம்பிக்கும். காது மந்தமானவரிடம் நாம் ஒரே வார்த்தையை நாலு தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்வோமே, அதுபோல. காது மந்தம் ஆச்சிக்கு இல்லை, போனுக்குத்தான்!

இப்போது தெரிகிறதா, மாதக் கட்டணத்தைக் கூட்டினால் ஏன் பலன் இல்லை என்று? வீட்டு வாசல் வரை வரும் வேகம்தான் கூடும். சுவர் சுவராகத்தான் இருக்கும்.

மூன்றாம் பாடம்: நான் செய்த சோதனைகள்

சோதனை 1: எங்கள் ரவுட்டர் முன் அறையில் டிவிக்குப் பின்னால் தரையோடு கிடந்தது. அதை எடுத்து உயரமான ஷெல்ஃபில் வைத்தேன். அம்மாவும் நானும் பீரோவைச் சுவரின் இன்னொரு ஓரத்துக்கு நகர்த்தினோம். ஆச்சி அறையில் −82 என்பது −76 ஆனது. 6 கூடினால் நான்கு மடங்கு என்று அர்த்தம். செலவு ஒரு பைசா இல்லை. ஆனாலும் வீடியோ விட்டு விட்டுத்தான் வந்தது.

சோதனை 2: அத்தை வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பால்கோவாவோடு சேர்த்து மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன். அதை "ரிப்பீட்டர்" ஆக மாற்றி ஆச்சி அறையில் வைத்தேன். போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது. குதித்தேன். கால் போட்டுப் பார்த்தால் பழையபடியே நின்றது!

மதினி விளக்கியது: "அடியே, அந்த ரவுட்டருக்கே −76 தான் கிடைக்குது. காது கேக்காதவன்கிட்ட ஒலிபெருக்கியைக் குடுத்தா, தப்பாக் கேட்டதைச் சத்தமாச் சொல்வான், அவ்வளவுதான்."

ஆகவே ரிப்பீட்டரை சிக்னல் இல்லாத இடத்தில் வைக்கக் கூடாது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவே வைக்க வேண்டும்.

சோதனை 3: பட்டாசாலையில் வைத்தேன். இப்போது பரவாயில்லை. ஆனால் முன் அறையில் 40 மெகாபிட் இருந்த வேகம் ஆச்சி அறையில் 17 தான். காரணம் என்ன?

வகுப்பில் சார் டிக்டேஷன் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. நடு பெஞ்சு லீடர் அதைத் திருப்பிச் சொல்கிறான். லீடர் சொல்லும்போது சார் பேசாமல் இருக்க வேண்டும், சார் சொல்லும்போது லீடர் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு வரிக்கு இரண்டு வரி நேரம். ரிப்பீட்டரும் ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் பேசுகிறது. அதனால்தான் வேகம் பாதிக்குப் பாதி. அம்மா போனில் சீரியல் பார்க்க ஆரம்பித்ததும் கால் மறுபடி நின்றது.

சாரிடமிருந்து லீடருக்கு ஒரு தனி வயர் போட்டால்? லீடர் காதில் வயரில் கேட்கலாம், வாயால் சொல்லிக்கொண்டே இருக்கலாம். வேகம் குறையாது. அதுதான் சோதனை 4.

நான் கெடுத்த ஞாயிற்றுக்கிழமை

கம்ப்யூட்டர் கடையில் 20 மீட்டர் லேன் வயர், இரண்டு முனையிலும் பின் அடித்து 340 ரூபாய்க்கு வாங்கினோம். என் உண்டியல் காசு 200, மீதி அம்மா. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, வயரை முன் ரவுட்டரில் ஒரு முனையும் இதில் ஒரு முனையும் செருகினேன். மணி 7.10.

முழு வீட்டிலும் நெட் போய்விட்டது. முன் அறையிலும் இல்லை! அப்பா கூப்பிட்டு வரவே இல்லை. அம்மா போன் டேட்டாவும் தீர்ந்திருந்தது. அந்த வாரம் ஆச்சி அப்பாவைப் பார்க்கவில்லை. "விடு தாயி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆச்சி சொன்னது. அடுத்த வாரம் என்று ஆச்சி சொல்வது எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். ஒரு ரவுட்டருக்கு இரண்டு வேலை. ஒன்று, அதற்கு ஒரு கதவு எண் உண்டு. எங்கள் முன் ரவுட்டரின் எண் 192.168.1.1. இரண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் கொடுக்கும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். ரீசெட் செய்ததும் பழைய ரவுட்டரும் 192.168.1.1 என்ற அதே எண்ணோடு எழுந்து, அதுவும் எல்லாருக்கும் எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரே வகுப்பில் இரண்டு பேர் அட்டெண்டன்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

சரியான முறை: செய்து பார்ப்போம்

1. இரண்டாவது ரவுட்டரை முதல் ரவுட்டரோடு இணைக்காமல் தனியாக வைத்துக் கரண்ட் கொடுக்கவும். பின்னால் உள்ள சிறு ஓட்டையில் ஊக்கு முனையால் 10 விநாடி அழுத்தினால் பழைய செட்டிங் எல்லாம் அழியும்.
2. போனை அந்த ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போகவும்.
3. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளதையே கொடுக்கவும். பாஸ்வேர்டு இல்லாமல் விடக் கூடாது. சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். முதலாவது 1 என்றால் இது 11. (2.4 ல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடு ஒன்று உரசாதவை.)
4. அடுத்து அதன் கதவு எண்ணை 192.168.1.2 என்று மாற்றவும். மாற்றியதும் இணைப்பு அறும். பயப்பட வேண்டாம். புது எண்ணை அடித்து மறுபடி உள்ளே போகவும்.
5. கடைசியாக டிஎச்சிபியை நிறுத்தவும். இதை முதலில் செய்தால் நாமே உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொள்வோம்.
6. இப்போது வயர். முதல் ரவுட்டரின் லேன் துளையில் ஒரு முனை, இரண்டாவதின் லேன் துளையில் மறு முனை. வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வான் துளையில் செருகக் கூடாது.

நினைவில் கொள்க: லேன் வயர் 100 மீட்டர் வரை போகலாம். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. மொட்டை மாடியில் வெறுமனே போடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும். நாங்கள் வெண்டிலேட்டர் வழியாக பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டோம். ஏணியில் ஏறியது பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியன் மாமா, நான் இல்லை.

ஆச்சி அறையில் இப்போது −40. வேகம் 38 மெகாபிட். ஒரே ஒரு குறை. முன் அறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போனால், அது பழைய ரவுட்டரையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. போனில் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்த பெரிய சோதனை

நான் 70 அடிக்குப் பாடுபட்டேன். நமது மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் இதையே கிலோமீட்டர் கணக்கில் செய்திருக்கிறார்கள்.

மதுரையில் 1976 ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளை 1985 ல் வந்தது. சுற்றுவட்டார ஊர்களில் இருப்பவர்கள் கண் காட்டத் தேனி வரை வர வேண்டியிருந்தது. 2005, 2006 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவும் மருத்துவமனையும் சேர்ந்து, ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் இருந்த சிறு கண் பார்வை மையங்களைத் தேனியோடு வைஃபையால் இணைத்தார்கள். ஊரில் இருப்பவர் கேமரா முன் உட்காருவார், டாக்டர் தேனியில் இருந்தபடி அவரோடு பேசுவார். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

பல கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை எப்படிப் போயிற்று? எல்லாப் பக்கமும் சிதறாமல் டார்ச் லைட் மாதிரி ஒரே பக்கம் அனுப்பும் ஆன்டெனாவை உயரமான கோபுரத்தில் கட்டினார்கள். ஒன்றுக்கொன்று நேராகத் தெரியாத இடங்களுக்கு நடுவில் இன்னொரு நிலையம் வைத்தார்கள். அது எங்கள் பட்டாசாலை ரவுட்டரின் அண்ணன்!

அங்கேயும் "கிடைச்சது" என்ற பதில்தான் தொல்லை கொடுத்தது. 15 கிலோமீட்டர் போய் வர அலைக்கு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். சாதாரண வைஃபை அவ்வளவு நேரம்கூடப் பொறுக்காது. தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை மாற்றி, "இவ்வளவு நேரம் நீ, இவ்வளவு நேரம் நான்" என்று முறை வைத்தார்கள். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது போல.

இன்னொரு செய்தியும் மதினி சொன்னது. அங்கே அலையை விட அதிகமாகக் கெடுத்தது கரண்ட்தான். மின்சாரம் திடீரென்று கூடுவதும் குறைவதுமாக இருந்ததால் கருவிகள் பழுதாயின. ஆகவே நெட் வரவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அப்படித்தான். அரை மணி நேரம் செட்டிங் எல்லாம் பார்த்தேன். கடைசியில் தம்பி சுவிட்சை அணைத்திருந்தான்.

முடிவுரை

நான் கற்றுக்கொண்டது: காசு கட்டும் முன் அளந்து பார்க்க வேண்டும். இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அப்போதுதான் எது சரி செய்தது என்று தெரியும். முக்கியமான வேலைக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது எதையும் ரீசெட் செய்யக் கூடாது!

அடுத்த ஞாயிறு 7.30 க்கு அப்பா வந்தார். ஆச்சி போனைத் தானே பிடித்துக்கொண்டது. இருபது நிமிஷம் படம் நிற்கவே இல்லை. "ஏய்யா, சாப்டியா?" "சாப்ட்டேம்மா." பிறகு ஆச்சி என்னைப் பார்த்து, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றது.

யோசித்துப் பார்ப்போம் (விடை அடுத்த இதழில்)

1. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எத்தனை சென்டிமீட்டர்?
2. ஓர் இடத்தில் −50, இன்னோர் இடத்தில் −70. சிக்னல் எத்தனை மடங்கு குறைந்திருக்கிறது?
3. விடுகதை (நானே எழுதியது): சுவருக்குள் நுழைவேன், சாவி கேட்பேன், பீரோவைக் கண்டால் திரும்பி ஓடுவேன். நான் யார்?

வைஃபை உள்ளவர்கள் வீட்டில் அளந்து, அறை வாரியாக எழுதி என்னிடம் கொடுத்தால் அடுத்த இதழில் அட்டவணை போடலாம். பிழை இருந்தால் ஆசிரியர்கள் பொறுத்தருளித் திருத்தவும்.



இப்படிக்கு,
9 ஆம் வகுப்பு மாணவி